வலையில் வந்த குழாய்

வடசேரியில் பஸ் கிளம்பியதுமே முன் சீட்டுக்காரர் போனைப் பக்கத்து ஆளிடம் நீட்டினார்.

"மக்கா, வலையில மாட்டுன அந்தக் குழாயத் தொடவே கூடாதாம்."

"நம்ம மீன்பிடி குரூப்புல இஞ்சின் பைப்புன்னுல்லா சொன்னாங்க?"

"அத நம்பித்தான் வீட்டுக்குக் கொண்டு போனேன். இது கப்பல்ல வேலை பாக்கவங்க குரூப்பு. கடல்ல அடையாளத்துக்குப் புகை காட்ட எறியற குழாயாம். உள்ள இருக்க மருந்து காய்ஞ்சா தானா தீப்பிடிக்கும்னு சொல்லுகான்."

"இப்ப எங்க கெடக்கு?"

"மொட்டைமாடியில. கருவாட்டுக்கு மேல மூடுன வலை பறக்காம இருக்க, எம்பொண்டாட்டி பாரமா வச்சிருக்கா."

ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது.

"ஏலே, அவளுக்குப் போன் போடு!"

"மூணு தடவ போட்டாச்சு. போன் கீழ கெடக்கும். இந்நேரம் அவ மேல நின்னு காக்கா ஓட்டிட்டு இருப்பா."