கேன்சருக்குச் சோறு

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைகூடக் கேன்சருக்குச் சோறு போடப் போகணுமாடி?"

துவாக்குடியிலிருந்து ஸ்ரீரங்கம் செல்லும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மாள் தம் மகளிடம் இப்படிக் கேட்டதும் நடத்துநர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"மெதுவாப் பேசும்மா. லேப்ல கிண்ணத்துல வளர்க்கிற கேன்சர் செல் அது. பட்டினி போட்டாச் செத்துடும். அப்புறம் எங்க கண்ணாடி இழையை எதை வச்சுச் சோதிக்கிறது?"

"அந்த இழை என்னதான் பண்ணும்?"

"முடி மாதிரி மெல்லிசா இருக்கும். உள்ளே வெளிச்சம் போகும். கேன்சர் செல் வந்து ஒட்டினா அந்த வெளிச்சம் மாறும். அதை வச்சுக் கண்டுபிடிச்சுடலாம்."

"அப்ப என்னையும் அதுலயே பார்த்திருக்கலாமே. மார்ல இருக்கிற கட்டியில ஊசி குத்தி எடுத்துட்டு, ரிசல்ட் எப்ப வரும்னு தூங்காமக் கிடக்கேன்."

"மனுஷங்களுக்கு அது இன்னும் வரலைம்மா."

"வீட்டுக்கு உதவாத படிப்பு."

பால்பண்ணை அருகே மகளின் கைப்பேசி ஒலித்தது. "சொல்லுங்க டாக்டர்" என்றவள், பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, சாதாரணக் கொழுப்புக் கட்டிதானாம். கேன்சர் இல்லையாம்."

அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இப்படியொரு அழைப்புக்காக நானும் என் மனைவியும் ஒருமுறை காத்திருந்தோம்; எங்களுக்கு வந்த பதில் வேறு. இவர்களுக்கு இது வந்ததில் என் மனமும் இலேசாயிற்று.

பேருந்து காவிரிப் பாலத்தில் ஏறியபோது அம்மாளின் குரல் மீண்டும் கேட்டது.

"நாளைக்குச் சீக்கிரம் எழுந்திருடி."

"எதுக்கும்மா?"

"பாவம், அதுங்க பட்டினி கிடக்கப்போகுது. போய்ச் சோறு போட்டுட்டு வா."