தீர்மானம் வேண்டாம், சீமோன்

பெருமதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, முன்வரிசையில் கறுப்புடையில் அமர்ந்திருக்கும் கார்லா அன்ரி அவர்களே, வாத்தியங்களோடு காத்திருக்கும் எங்கள் இசைக்குழுவினரே, இப்படியொரு கிழமையிலும் வோபர்னிலிருந்தும் ரெக்ஸ்டேலிலிருந்தும் வந்து சேர்ந்த உறவுகளே! உங்கள் எல்லோருக்கும் பாடகி வேரோனிக்காவின் வணக்கம்.

கூட்டம் தொடங்கும்போது கைத்தொலைபேசிகளை நிறுத்தச் சொன்னார்கள். ஒருவராவது நிறுத்தினீர்களா? நானும் நிறுத்தவில்லை. இதோ, கையிலேயே வைத்திருக்கிறேன். போர் முடிந்துவிட்டது என்று நேற்று முன்தினம் வானொலி சொன்னது. வன்னியில் இருக்கும் என் தங்கை அருள்மலரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. தொலைபேசி அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

இந்த நேரத்தில் நடனத்துக்கு இசை எழுதிய ஒருவருக்கு அஞ்சலியா என்று சிலர் கேட்டார்கள். ஆம், அவருக்குத்தான்!

யார் இந்த எத்தோரே சல்வியோனி, எங்கள் எத்தோர் மாஸ்டர்? இத்தாலியிலிருந்து ஓர் அக்கோர்டியன் வாத்தியத்தோடு இந்த நாட்டுக்குக் கப்பலேறி வந்தவர். பகலில் சுவருக்குச் சாந்து பூசி, மாலையில் வால்ட்ஸ், போல்கா என்று ஆட்ட மெட்டுக்கள் எழுதியவர். அவருடைய ஆட்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்து, கலியாணங்கள் இல்லாமல் இந்த மண்டபம் வெறிச்சோடியபோது, ஊரைவிட்டு அகதிகளாய் இந்த நகரத்தின் சென் ஜேம்ஸ் ரவுணில் வந்திறங்கியிருந்த எங்களைப் பார்த்து, "ஏன், உங்கள் ஆட்கள் கலியாணம் கட்டுவதில்லையா?" என்று கேட்டவர்! எத்தனை மணமக்கள் அவர் இசைக்கு ஆடினார்கள்! நாற்காலியை விட்டு அசையாத நம் நவரட்ணம் அண்ணையையே ஆடவைத்தாரே, மறப்போமா?

ஆனால் மாஸ்டரின் எந்த மெட்டும் முடியாது. கடைசி அடியை அவர் எழுதவே மாட்டார். எங்கள் குழுவில் ட்ரம்ஸ் அடிக்கும் என் கணவர் சீமோன் ஊரில் மிருதங்கம் பழகியவர். தாளத்தை முடித்துவைக்கும் அடிகளைத் தீர்மானம் என்போம். தீர்மானம் வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மாஸ்டர் விட்ட இடத்தில் "தொம்" என்று ஒன்று போடுவார்.

"தீர்மானம் வேண்டாம், சீமோன்!" என்று மாஸ்டர் கத்துவார். அவர் பிழையில்லாமல் பேசிய தமிழ் அது ஒன்றுதான்.

"முடிக்காட்டில் சனம் காலைத் தூக்கினபடி நிக்கும், மாஸ்டர்!"

நிற்கட்டும் என்பார். நாங்கள் சிரிப்போம்.

இந்த மாசியில், அருள்மலரோடு தொடர்பு அற்றுப்போனதை அறிந்து, சுகமில்லாத உடம்போடு மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "எங்கள் ஊரிலும் ஒரு போர் நடந்து முடிந்தது," என்றார். "சந்தைத் திடலில் ஊரே ஆடியது. பதினாறு வயதில் நான்தான் வாசித்தேன். என் அண்ணன் மட்டும் திரும்பி வரவில்லை. அம்மா கூட்டத்துக்குள் புகுந்து வந்து என் காதில் சொன்னார்: முடித்துவிடாதே. முடித்தால் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவன் வரும்போது யார் இருப்பார்கள்?"

அண்ணன் வந்தாரா? நான் கேட்கவில்லை. கேட்கப் பயந்தேன். மாஸ்டரின் மனைவி கார்லா அன்ரிக்கு அது தெரிந்திருக்கும். இப்போதும் கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது.

அன்பானவர்களே! இந்தச் சபையின் இரங்கல் தீர்மானத்தை முன்மொழியும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். மாஸ்டருக்கு நான் தீர்மானம் வைக்கமாட்டேன். அதற்குப் பதிலாக ஒரு வாக்குத் தருகிறேன். அவருடைய மெட்டுக்களை இனி அவர் எழுதியபடியே வாசிப்போம். இந்த மண்டபத்தில், ஞாயிறு தோறும், நம்மில் யாருடைய வீட்டுக்காவது ஒரு ஆள் வந்துசேர மிச்சம் இருக்கும்வரை வாசிப்போம்!

இப்போது அவருடைய வால்ட்ஸ் ஒன்று. ஆட வேண்டாம், எழுந்து நில்லுங்கள். தொலைபேசிகள் அப்படியே இருக்கட்டும். அடித்தால் எடுங்கள், மாஸ்டர் கோபிக்கமாட்டார்.

இஞ்சேருங்கோ, ட்ரம்ஸில இருக்கிற உங்களுக்குத்தான் சொல்லுறன், கடைசி அடி வேண்டாம். அருள்மலர் இன்னும் வரேல்லை.