ஏரோப்ளேனுக்கு ஒரு எலுமிச்சம்பழம்

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோடெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்த சமயம். மெட்ராஸ் போகும் எங்கள் பஸ், திருக்கோவிலூர் தாண்டி ஒரு புளியமரத்தின் முன்னால் காலையிலிருந்து நின்றது. முன் சீட்டில் மடியில் எலுமிச்சம்பழத்தோடு ஓர் அம்மாள். அவள் மகன் அன்று மாலை குவைத்துக்குப் பறக்கிறான் என்று பஸ்ஸுக்கே தெரியும். மகன் மெட்ராஸில் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போன் பேசப் போன அவள் தம்பி, சர்க்கரை ஆலை ஃபிட்டர், ஓடி வந்தார்.

“நல்ல சேதிக்கா! ஏரோப்ளேன நிறுத்திட்டாங்களாம். நாளைக்குத்தான் உடுவாங்க. போய்ப் பாத்துரலாம்.”

“ஐயோ, ரிப்பேரா? ரிப்பேர் வண்டிலயா எம்புள்ளைய ஏத்துறாங்க?”

“இல்லக்கா. எங்கியோ வேற ஒரு ப்ளேன்ல ஒரு போல்ட்டு விரிசல் உட்டுச்சாம். அதே மாதிரி ப்ளேன் எல்லாத்துலயும் அத மாத்துனாதான் பறக்கலாம்னு ஆர்டராம்.”

“மாத்துனாங்களா இல்லியான்னு யாருக்குத் தெரியும்?”

“மாத்துனவன் ஒரு கையெழுத்து, சோதிச்சவன் ஒரு கையெழுத்து. எங்க மில்லுல பாய்லர் இன்ஸ்பெக்டரு பாக்காம நெருப்பு வெப்பமா? அது மாதிரி.”

“அப்ப இந்தப் பழம்? ஏரோப்ளேன் சக்கரத்துக்கு வெக்கத்தான் அம்மன் காலடியில வெச்சு எடுத்தாந்தேன்.”

“சக்கரத்துக்கிட்ட யாரையும் உட மாட்டாங்கக்கா.”

அவள் பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மதியம் மரத்தை இழுத்துப் போட்டார்கள். பஸ் ஸ்டார்ட் ஆகவில்லை. தள்ளுவதற்காக இறங்கினோம். அவளும் இறங்கி, நேராக டிரைவரிடம் போனாள்.

“ஏரோப்ளேன ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டுப் பாக்குறாங்க. ஒன் வண்டிய யாருப்பா பாக்குறா? இந்தா, சக்கரத்துக்கு வெய்யி.”