மாலைக்கு இடைஞ்சலாக நின்ற வயர்

கடும் குளிர் நாளொன்றில், மோர்னிங்சைட் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழர் இருந்தார்கள். இளையவர் சொன்ன ஒரு வசனத்தோடு என் பாடப்புத்தகத்தை மூடிவிட்டேன்.

“மூண்டு நாளா வண்டி எஞ்சினை நிப்பாட்டேல்லை அண்ணை. நான் இல்லாத நேரம் மாமி உள்ளுக்கு இருந்து காவல் பாக்கிறா.”

“விசரே உனக்கு? ஏன் நிப்பாட்டேல்லை?”

“டீசல் பிக்கப் எல்லே. உந்த எஞ்சின் சாகாது எண்டு சொல்லித்தான் வித்தவன். ஆனா குளிருக்கை நிப்பாட்டினா திரும்ப ஸ்ராட் வராது. திங்கட்கிழமை ஸ்ரௌவ்வில்லில றோட்டுப் பனி தள்ளுற வேலை துவங்குது. வண்டி போகாட்டி வேலையை வேறை ஆக்களுக்குக் குடுத்திடுவாங்கள்.”

“இரவில பிளக்கைக் குத்திவிடுறேல்லையே?”

“என்ன பிளக்?”

“முன்னுக்கு ஒரு வயர் தொங்குமெல்லே. அதைக் கறண்டில குத்திவிட்டா எஞ்சின் விடியும்வரை சூடா இருக்கும்.”



“அதை வெட்டிப்போட்டன் அண்ணை. கோயிலில வண்டிக்குப் பூசை செய்யேக்கை, மாலை போட இடைஞ்சலா நிண்டது.”

மூத்தவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“சரி, போனது போகட்டும். கராஜில விட்டுப் புது வயர் போடு. எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, மாமியையும் வீட்டை அனுப்பு.”

“அவ இறங்கமாட்டன் எண்டுறா. எங்கட அப்பாட்மென்ரைவிட உதுக்குள்ள சூடாம். தலகாணியும் கொண்டுவந்து போட்டிட்டா.”

“அப்ப திங்கட்கிழமை?”

“மாமியும் வேலைக்கு வாறா.”