இந்தக் காவலர் யாரைத் தடுக்கிறார்?

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, அருங்காட்சியகக் குழுவின் பெரியோர்களே, அக்காவைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கையே, அவர் பெயர் சொல்லும் சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளே, பெற்றோர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

சற்று முன் மௌன அஞ்சலி செலுத்தினோம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிற்கவே முடியவில்லை. கால் மாற்றி நின்றேன், கைக்கடிகாரத்தைத் திருகினேன், அந்த மாலை சாய்ந்திருக்கிறதே, யாராவது நிமிர்த்தக் கூடாதா என்று தவித்தேன். நம் கல்விப் பிரிவின் தலைவி அவர்கள் இங்கே இருந்திருந்தால் பாதியிலேயே எழுந்து நடக்கத் தொடங்கியிருப்பார். அவர் என்றைக்காவது ஓரிடத்தில் நின்றாரா? சாப்பிடும்போதாவது உட்கார்ந்தாரா? பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் உங்களுக்குத் தெரியும். 'சுத்தி வாங்க டீச்சர்!'

சிலைகளைச் சுத்தம் செய்து, விரிசலை அடைத்து, ஆபத்திலிருந்து காப்பது என் வேலை. ஆபத்து என்றால் ஈரம், தூசி, பிறகு பிள்ளைகள். அவர் வேலையோ பிள்ளைகளைச் சிலைகளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. எங்களுக்குள் ஒத்துப்போகுமா? இந்தியக் கூடத்தில் எங்கள் இருவர் குரலும் கேட்காத நாளே இல்லை.

முதல் சண்டை சுவரைப் பற்றியது. கற்சிலைகள் எல்லாம் சுவரை ஒட்டி நின்றன. "தள்ளி வைங்க சார், பிள்ளைங்க சுத்தி வரணும்" என்றார். "பின்னாடி ஒண்ணும் இல்லைம்மா, வெறும் கல்லு" என்றேன். "ஒண்ணும் இல்லைங்கிறதை அவங்களே பார்க்கட்டுமே!" என்றார். தளம் தாங்குமா என்று பொறியாளரைக் கேட்க வேண்டும் என்றேன். மறுநாளே பொறியாளரைக் கையோடு இழுத்து வந்துவிட்டார். சிலைகள் நகர்ந்தன. முதுகுப் பக்கம் உளி கொத்திய தழும்புகள் அப்படியே இருந்தன. "இங்க பாருங்க, இவன் இடதுகைக்காரன் போல!" "இங்க கல் உடைஞ்சிருக்கு, திட்டு வாங்கியிருப்பான்!" பிள்ளைகள் போட்ட கூச்சலில் காவலாளி ஓடி வந்தார். கடவுளின் பெயரை மனப்பாடம் செய்ய வந்தவர்கள், செதுக்கிய மனிதனைத் தேட ஆரம்பித்தார்கள். பாரம்பரியம் என்பதைப் பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்த விதம் அது.

அந்தக் கூடத்தின் வாசலருகே ஒரு துவாரபாலகர் நிற்கிறார். கருவறை வாசலைக் காத்த காவலர். கோரைப்பல், உருட்டிய கண், கதாயுதத்தின் மேல் தூக்கி வைத்த கால், எச்சரிக்கும் ஒற்றை விரல். ஒரு சனிக்கிழமை அவர் முன்னால் பிள்ளைகளை நிறுத்தி டீச்சர் கேட்டார்: "இந்தக் காவலர் யாரைத் தடுக்கிறார்?"

"திருடனை!" என்றான் ஒருவன். "அசுரனை!" என்றாள் ஒருத்தி. "லேட்டா வர்றவங்களை!" என்றது இன்னொரு குரல். சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னே, பின்னால் நின்ற ஒரு பெண் சொன்னாள்: "எங்க தாத்தாவை."

பிள்ளைகள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா ஒரு தடவை சொன்னார். தாத்தாவைக் கோயில் தெருவுக்குள்ளயே விடமாட்டாங்களாம். அப்புறம் நான் எதுக்கு டீச்சர் இதைப் பார்த்துப் பெருமைப்படணும்?"

நண்பர்களே, அப்போது நான் ஏணியில் நின்று ஒரு விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தேன். மேலிருந்து டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். சமாளித்திருக்கலாம். 'அதெல்லாம் அந்தக் காலம்' என்று தாண்டிப் போயிருக்கலாம். எத்தனை பேர் அப்படித் தாண்டிப் போகிறோம்! அவர் தாண்டவில்லை. "நான் பெருமைப்படச் சொல்லலம்மா. பாருன்னுதான் சொன்னேன். நீ சொன்னது எனக்கு இதுல இதுவரைக்கும் தெரியல. இப்ப தெரியுது" என்றார்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் தந்தை வந்தார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர். நான் பிள்ளைகளை அதட்டுவதைப் போல அவர் டீச்சரை அதட்டினார். "யார் கேட்டா உங்களை? இதையெல்லாம் ஊர்லயே விட்டுட்டுத்தான் இந்த நாட்டுக்கு வந்தோம். பக்கத்து வீட்டுக்காரனுக்கே தெரியாது. இப்ப வகுப்புல இருக்கிற எல்லா வீட்டுக்கும் தெரியும்!" என்றார். மகளை வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார். புகாரும் கொடுத்தார். குழு கூடியது. எழுதிக் கொடுத்ததை மட்டும் பேச வேண்டும் என்று டீச்சருக்கு உத்தரவு வந்தது.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் பட்டறையில் மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "உத்தரவு கிடக்கட்டும் சார். கேள்வி கேட்கப் பழக்கினேன், சரி. கேட்ட பிள்ளை வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆகும்னு நான் யோசிச்சேனா?"

பிறகு என்ன செய்தார் தெரியுமா? அந்தத் தந்தையின் பள்ளியிலேயே கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்துவிட்டார்! ஓய்வு பெறும் வயதில்! மிதிவண்டிகூட ஓட்டத் தெரியாதவர்! அந்தத் தந்தை மறுத்துப் பார்த்தார். "ஸ்கூல்னா யார் வந்தாலும் சேர்த்துக்கணும்ல?" என்று சிரித்துக்கொண்டே காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாராம்.

"கிளட்ச்சை மெதுவா விடுங்கம்மா" என்பார் அவர். வண்டி துள்ளும், நிற்கும். பின்னால் வரிசையாக ஹாரன் சத்தம். அந்த நெருக்கடியில்தான் இருவரும் பேசினார்கள். ஒருநாள் சிக்னலில் டீச்சர் கேட்டிருக்கிறார்: "எனக்குத் தெரிஞ்சா உங்களை வேற மாதிரி பார்ப்பேன்னா நினைக்கிறீங்க?" அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "அது பார்க்கிறவங்களுக்குத் தெரியாதும்மா. பார்க்கப்படுறவனுக்குத்தான் தெரியும்." பச்சை விளக்கு விழுந்தது. டீச்சர் வண்டியை எடுக்கவில்லை. "மன்னிச்சிடுங்க" என்றார். பின்னாலிருந்த லாரிக்காரர் இறங்கியே வந்துவிட்டாராம்.

டீச்சர் ஓட்டுநர் தேர்வில் தேறவே இல்லை. தெருவிளக்குக் கம்பத்தில் இடித்ததுதான் மிச்சம். ஆனால் வகுப்பு மாறியது. எந்தப் பிள்ளையும் தன் வீட்டுக் கதையைச் சொல்லக் கட்டாயமில்லை, எந்தப் பிள்ளையும் இன்னொருவர் வீட்டுக் கதையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று விதி வைத்தார். குழுவிடம் போய், "எழுதிக் கொடுத்ததைப் படிக்க நான் எதுக்கு? பதிவு பண்ணி ஒலிபெருக்கியில போடுங்க. பிள்ளைங்க கேள்வி கேட்டா அது பதில் சொல்லட்டும்" என்று வாதாடினார். உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அப்படிப் பெற்றவர்களில் சிலர் இந்த மேடையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி.

ஒரு சனிக்கிழமை அந்தத் தந்தை மகளோடு வந்தார். நேரே துவாரபாலகர் முன் போய் நின்றார். அந்த உயர்ந்த விரலை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சார், தொடலாமா?" என்று கேட்டார்.

அன்பர்களே! 'தொடாதீர்கள்' என்பது என் தொழில். அதை எழுதி எட்டு மொழியில் பலகை வைத்தவன் நான். எப்பேர்ப்பட்ட விருந்தினர் வந்தாலும் விட்டதில்லை. அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை அவரிடம் சொல்ல முடியுமா? அந்த மனிதரிடம், அந்தச் சிலையின் முன்னால், நான் சொல்ல முடியுமா? தடுப்புக் கயிற்றைக் கழற்றினேன். அவர் குனிந்து காவலரின் பாதத்தில் உள்ளங்கையை வைத்தார். மகளும் வைத்தாள்.

"சில்லுனு இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

டீச்சர் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் அசையாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

இதைச் சபையில் சொல்லலாமா என்று தந்தையிடமும் மகளிடமும் முன்பே கேட்டேன். "இப்ப சொல்லலாம் சார், தைரியமா சொல்லுங்க" என்றார் தந்தை. கதவோரம் நிற்கிறார். மகள் இன்று கல்லூரியில் வரலாறு படிக்கிறாள்.

மருத்துவமனையில் டீச்சரைக் கடைசியாகப் பார்த்தேன். மூச்சு வாங்கியது. ஆனாலும் படுக்க மாட்டேன் என்று செவிலியரிடம் மல்லுக்கு நின்றார். "சனிக்கிழமை யார் எடுக்கிறது?" என்று என்னைக் கேட்டார். "நீங்களே எழுந்து வந்து எடுங்க" என்றேன். "உங்களுக்குப் பொய் வராது சார். முயற்சி பண்ணாதீங்க" என்றார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதற்குள் அவர் போய்விட்டார். அதனால்தான் எனக்கும் இரவும் பகலும் இருப்புக்கொள்ளவில்லை.

அவர் நினைவாக இந்தியக் கூடத்தில் ஒரு தொடுதிரை வைக்கப் போவதாக இயக்குநர் சற்று முன் அறிவித்தார். பெரிய மனது. வையுங்கள். ஆனால் வகுப்பைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இந்த மண்டபத்தில் யாருமே சொல்லவில்லை! நாமெல்லாம் அழுதோம், மாலை போட்டோம், புகழ்ந்தோம். பிள்ளைகளின் கேள்விகள் எங்கே போகும்? திரையிடம் போய், 'எங்க தாத்தாவை' என்று ஒரு பிள்ளை சொன்னால், திரை என்ன செய்யும்?

ஆகவே இந்தச் சபையின் முன் உறுதி சொல்கிறேன். வரும் சனிக்கிழமை வகுப்பு உண்டு. அந்தக் கல்லூரிப் பெண் பாடம் எடுப்பாள், நேற்றே ஒப்புக்கொண்டாள். நான் உடனிருப்பேன். எனக்குப் பாடம் நடத்தத் தெரியாது, பிள்ளைகளைக் கண்டால் இன்னமும் பயம். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மட்டும் கற்றுக்கொண்டேன்.

இயக்குநர் அவர்களே, எழுத்து மூலமான அனுமதி எங்களுக்கு இன்னும் வரவில்லை. பிள்ளைகள் காலையிலேயே வந்துவிடுவார்கள். கதவைத் திறந்து விளக்கைப் போட்டு வையுங்கள்.