கேட்டில் ஒட்டிய பைப்

ஆவடியிலிருந்து பாடிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு இளைஞர்கள். ஜன்னலோரம் இருந்தவனின் கண்கள் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன.

“வெல்டிங் கத்துகினேன் மச்சான். ஹவுஸ் ஓனரு ஊட்டு கேட்டுதான் தொறக்க மாட்டேங்குது.”

“இன்னாடா பண்ண?”

“பழைய ஸ்கூட்டர் என்ஜின வெச்சி சின்னதா ஒரு காரு பண்றேன்னு சொன்னேன்ல? பைப்பு ஆடாம நிக்கணுமேன்னு கேட்டோட ரெண்டு கதவு மேலயும் குறுக்கால வெச்சிக் கட்டிட்டு வெல்டு அடிச்சேன். கதவு ரெண்டும் பைப்போட ஒட்டிகிச்சி.”

“இழுத்துப் பாத்தியா?”

“நானும் ஓனரும் சேந்து இழுத்தோம். காருக்கு வெச்ச ஜாயின்ட்டெல்லாம் பொலபொலன்னு உதுந்துச்சி. கேட்டுல ஒட்டினது மட்டும் அசையவே இல்ல.”

“அவரு இன்னா சொன்னாரு?”

“ஞாயித்துக்கெழம வேற. பட்டு வேட்டிய மடிச்சிக் கட்டிகினு செவுரேறிக் குதிச்சி சர்ச்சுக்குப் போனாரு. திரும்பி வந்து, ஊட்ட காலி பண்ணுன்னாரு.”

“பண்ணப் போறியா?”

சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“எப்பிடிடா? பீரோவ வெளிய எடுக்கணும்னா கேட்டு தொறக்கணும்ல.”