கொச்சிக்குப் போக மாட்டின் சம்மதம்

மார்ச் 7, வெள்ளிக்கிழமை. காலையில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, கேரளத்துச் சித்தூரில் உள்ள அலுவலகம் போய், மாலை வழக்கமான பாலக்காட்டு பஸ்ஸில் திரும்பினேன். முன் சீட்டில் பெருமாட்டி கிராமத்துப் பக்கத்துக் கணவனும் மனைவியும்.

"கொச்சியில எங்க தங்கறதுன்னு நம்ம மாடுதான் முடிவு பண்ணோணும்" என்றார் கணவர்.

"ஏனுங்க, மாடா வந்து தங்கப்போவுது? ஃபோர்ட் கொச்சியில தங்கலாங்க. காத்தால எந்திரிச்சதும் கடல் பாக்கோணும். இந்த வயசு வரைக்கும் நான் பாத்ததே இல்லீங்க."

"எர்ணாகுளத்துல ஸ்டேஷன் பக்கம் தங்குனா விடியறதுக்குள்ள ரயிலேறி ஓடியாந்தரலாம் புள்ள. நீ கறக்காட்டி அது பாலே எறக்காதே."

"என்ற சேலையக் கட்டிட்டு உக்காந்தா, ஆரு கறந்தாலும் எறக்குமுங்க. உங்க தம்பி நேத்தே கட்டிப் பாத்துட்டாரு. ஒரு சொட்டு கொறையல."

"அவனா? சேலையா?" கணவர் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"மெதுவாங்க! ஆருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கறேன்."

"சரி, ஃபோர்ட் கொச்சியிலயே ரூம் போட்டுரலாம். ரெண்டு நாளைக்கு. அவன் இன்னொருக்கா கட்டட்டும்."

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக, நாம் கடல் பார்த்து எத்தனை வருஷமாயிற்று என்று என் மனைவியிடம் கேட்டேன்.